அயிலைக்கு ஏத்த கம்பு

கொஞ்சம் தள்ளி இருங்கக்கா, ரத்தம் தெறிச்சிரும். நல்ல சேலை உடுத்திட்டு வந்திருக்கீங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிடுங்க. ஒரு காலு ஆடும், செவரோட சேத்துப் போட்டா ஆடாது. இந்த அயிலை மீன வெட்டி முடிச்சிருதேன், இன்னும் பதினஞ்சு கெடக்கு. நடுவுல எந்திரிச்சா ஈ மொய்ச்சிரும். நீங்க கேட்ட தூண்டில் கம்பு உள்ளதான் இருக்கு, எங்கயும் ஓடிராது.

எனக்குப் பேச்சு வராது கேட்டியளா. அஞ்சாங் கிளாசோட நிறுத்திட்டாங்க. புது ஆளுங்களப் பாத்தா நாக்கு மேல ஒட்டிக்கிடும். கல்யாணத்தன்னைக்கு பங்குச் சாமியார் சம்மதமான்னு கேட்டாரு. நான் சொன்னது அவருக்கே கேக்கல. மூணு தடவ கேட்டாரு. கடைசில பின்னால இருந்து மெற்றில்டா அக்கா, "சம்மதம்தான் சாமி, அவ சொல்லிட்டா, நீங்க மேல நடத்துங்க"ன்னு கத்தினாவ. கோயிலே சிரிச்சிச்சு. அந்த அக்காதான் பக்கத்து வீடு. அவங்க மாப்பிள கிளீட்டஸ் அண்ணனுக்க வள்ளத்துலதான் எனக்க வீட்டுக்காரரு போவாரு. போயிட்டிருந்தாரு.

நீங்க வரும்போது அந்த அக்கா பாத்தாவளா? மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் நிக்கலியே? சரி. யாராவது கேட்டா, டவுண்ல இருந்து தையல் கத்துக் குடுக்க வந்திருக்கேன்னு சொல்லிருங்க. தையல் கடைப் பிள்ளகிட்ட சொல்லித்தான், கம்பு விக்கணும்னு போன்ல போட்டேன், அதனால அது பெரிய பொய்யும் இல்ல.

எனக்க வீட்டுக்காரரு இப்ப வீட்டுல இல்ல. வலைக் கூடத்துல இருப்பாரு. மூணு மணி வரைக்கும் வரமாட்டாரு. இப்ப மணி என்னக்கா? ரெண்டேகாலா. நேரம் இருக்கு.

உங்க வீட்டுக்காரரு என்ன மீனுக்குப் போறாரு? ஞாயித்துக்கிழமை கூட்டாளிகளோட வாடகை வள்ளத்துலன்னு சொன்னீங்க. அயிலைக்கா? அயிலைன்னா நல்லது. சாதுவான மீனு. இந்தா, இந்த வாயத் தொட்டுப் பாருங்க. தொடுங்கக்கா, கடிக்காது. பாத்தீங்களா, எப்படி இருக்கு? அப்பளம் நனைஞ்ச மாதிரி. இதுதான் விசயமே. கடையில போயி நல்ல கெட்டியான கம்பாக் குடுங்கன்னு கேட்டுராதீங்க. கெட்டிக் கம்பு வெடுக்குன்னு இழுக்கும், தூண்டில் வாயக் கிழிச்சிட்டு வெளிய வந்திரும், மீனு கடல்ல, வாயி உங்க கையில. நுனி மெல்லிசா இருக்கணும். அது தலைய ஆட்டணும். ஆனா அடி மெல்லிசா இருக்கக் கூடாது. ஏன்னா அயிலை ஒத்தையா வராது. ஒரு நூலுல ஆறு தூண்டில் முள்ளு கட்டி, கீழ ஈயக்குண்டு தொங்கவிட்டு எறக்குவாங்க. கூட்டத்துக்குள்ள எறங்கிச்சுன்னா ஆறும் ஒண்ணா மாட்டும். ஆறும் ஆறு பக்கம் இழுக்கும். அடி வலுவா இல்லன்னா கம்பு வளைஞ்சு வள்ளத்துக்கு அடியில போயிரும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த ஆறு மாசத்துல தெரிஞ்சதுதான். எங்க ஆளுங்க கம்பு புடிக்க மாட்டாங்க. கைத்தூண்டில்தான். நூல வெரலுல வச்சே கீழ என்ன மீனுன்னு சொல்லிருவாங்க. கம்புன்னா இங்க வேற அர்த்தம். கம்பு எடுத்துட்டான்னா கெழடாயிட்டான், கண்ணு போச்சு, இனி கடலு இல்லன்னு அர்த்தம். இல்லன்னா பொழுதுபோக்குக்கு வாற டவுண் ஆளுங்க கம்போட வருவாங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க வீட்டுக்காரரச் சொல்லல.

போன வருசம் ஐப்பசில எனக்க வீட்டுக்காரருக்கு கை போச்சு. போச்சுன்னா, இருக்கு. வலது கை. கைத்தூண்டில நூல கையில சுத்தக்கூடாது, அது நடக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கும் தெரியும். அன்னைக்கு நூலு வழுக்குதுன்னு ரெண்டு சுத்து சுத்தியிருக்காரு. அயிலை இழுத்துட்டிருந்த நூலுல பெரிய நெய்மீனு ஒண்ணு வந்து அடிச்சிருக்கு. மாட்டின அயிலைய முழுங்க வந்த மீனு. ஆளையே வள்ளத்துல இருந்து இழுத்துட்டுப் போயிச்சு. கிளீட்டஸ் அண்ணன் கத்தியோட குதிச்சு நூல அறுத்திருக்காரு. நரம்பு அறுந்து ரெண்டு வெரலு மடங்கிப் போச்சு, முழங்கையும் நீளாது. நான் அப்ப எட்டு மாசம். சாயந்தரம் வரவேண்டிய வள்ளம் பதினொரு மணிக்கே வந்திச்சு. இன்ஜின் சத்தத்த வச்சே எனக்குத் தெரிஞ்சிச்சு. கிளீட்டஸ் அண்ணன் அப்படி ஓட்டமாட்டாரு.

அது என்ன சத்தம்? இன்ஜின்தானே? இது வடக்க உள்ள வள்ளம். நேத்து அயிலை வந்தாச்சுக்கா. பருவம் பொறந்தாச்சு. இதெல்லாம் நேத்து கிளீட்டஸ் அண்ணன் குடுத்துவிட்டதுதான். காலைல இருந்து ஊரு நிலையில இல்ல. எல்லாரும் ஓடுதாங்க, போன் அடிக்காங்க, வள்ளம் வள்ளமா எறக்குதாங்க. எனக்கும் ஒரு எடத்துல உக்கார முடியல, அதான் மீன எடுத்து வச்சிட்டு உக்காந்தேன்.

ம். கம்பு. கிளீட்டஸ் அண்ணன்தான் முதல்ல சொன்னாரு. "லேய் ஜெர்வாசு, கம்பு ஒண்ணு வாங்கிட்டு வா. அடிய கக்கத்துல இடுக்கிக்கோ, இடது கையால ரீல சுத்து. அயிலைதானே, திமிங்கிலமா புடிக்கப் போற"ன்னாரு. இவரு ரெண்டு நாளு கழிச்சு என்கிட்ட, "அதப் போயி நீ பாத்துட்டு வாறியா"ன்னாரு. எதன்னு கேட்டேன். "அதத்தான்"ன்னாரு. கம்புன்னு அவரு வாயில வராது. கடல்காரன் கடையில நின்னு கம்பு கேட்டா நாலு பேரு பாப்பாங்கள்லா. அதனால நான். கறிவேப்பிலை ரெண்டு கொத்து கூடக் குடுங்கன்னு கேக்கத் தெரியாதவ, குளச்சலுக்குப் போயி ஆம்பளைங்க நிக்குத தூண்டில் கடையில.

எத்தனை அடின்னு கேப்பாங்கள்லா, அதுக்கு அளவு வேணும். எங்களுக்கு அளவுன்னா பாகம். ரெண்டு கையையும் விரிச்சா, இந்த வெரலு நுனியில இருந்து அந்த வெரலு நுனி வரைக்கும் ஒரு பாகம். கயிறு, ஆழம், எல்லாம் அந்தக் கணக்குதான். ஆளுக்கு ஆளு மாறும். அவரவருக்க பாகத்துக்கு ஒரு சாண் கூட இருந்தா வள்ளத்துல நின்னு புடிக்க சரியா இருக்கும்னு கிளீட்டஸ் அண்ணன் சொல்லியிருந்தாரு. மத்தியானம் சோறு தின்னுட்டு, பிள்ளைய நெஞ்சுல போட்டுட்டு அவரு தூங்கினாரு. நான் ஒரு கயித்த எடுத்து, மெதுவா, இந்தக் கையில இருந்து அந்தக் கை வரைக்கும் அளந்தேன். முழிச்சிட்டாரு. "என்னட்டி, பெட்டிக்கு அளவு எடுக்கியா?" கல்லறைக்குக் கொண்டுபோவாங்கள்லா, அந்தப் பெட்டி. அவருக்கு எல்லாம் வெளையாட்டு. நான் கயித்தத் தூரப் போட்டுட்டு அடுக்களைக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டேன். வெளிய நின்னு, "ஏட்டி செல்மா, சும்மா சொன்னேன், வா, அளந்துக்கோ, நீட்டிக்கிட்டுப் படுக்கேன்"ங்காரு.

கயித்த எடுத்துட்டுப் போயி கடையில குடுத்தேன். அங்க கண்ணாடி போட்ட அண்ணன் ஒருத்தரு. "என்ன மீனுக்கும்மா?" அயிலைக்குன்னேன். என்னதுன்னாரு. அயிலைக்குன்னேன். அவருக்குக் கேக்கல. அங்க நின்ன ஒருத்தரு, "அயிலைக்காம்வே, அந்தப் பிள்ள கொசு மாதிரி பேசுது"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திட்டு. கயித்துக்கு ஏத்த மாதிரி குட்டையா ஒரு கம்பு, கெட்டிக் கம்பு, எடுத்துக் குடுத்தாங்க. வாங்கிட்டு ஓடிவந்துட்டேன்.

வீட்டுல வந்து பாத்தா குறையுது. ஏன் குறையுது? அவருக்க வலது கை நீளாதே. மடங்கின கைய அளந்துட்டு வந்திருக்கேன். பொறவு நான் மாத்தப் போனப்போ கடைக்காரரு சொன்னாரு, "நல்ல கையுள்ள பாதிய அளந்து ரெட்டிச்சிருக்கலாமேம்மா"ன்னு. அது எனக்குத் தோணல. பாதி ஆளா அளக்கணும்னு எனக்கு எப்படித் தோணும்?

அவரு அத வச்சே போறேன்னாரு. "போதும்ட்டி, வள்ளத்துக்க விளிம்புல கொஞ்சம் ஒரசும், ஒரசிட்டுப் போவுது"ன்னாரு. நான் விடல. ஒரசினா நூலு அறுமே. சோதிச்சுப் பாக்கணும்னு பொதுக் கெணத்துக்குக் கொண்டுபோனேன். மத்தியானத்துல யாரும் வரமாட்டாங்க. ஆறு அயிலைய முள்ளுல மாட்டி, ஈயக்குண்டு கட்டி, கெணத்துல எறக்கி, வெடுக்குன்னு இழுத்துப் பாத்தேன். நாலு அயிலை வாயி கிழிஞ்சு உள்ள விழுந்திட்டு. குடிதண்ணிக் கெணறு! திரும்பிப் பாத்தா மெற்றில்டா அக்கா கொடத்தோட நிக்காவ. "ஏட்டி செல்மா, கெணத்துல இன்னைக்கு மீன்பாடு எப்படி? நாளைக்கு வள்ளத்த இங்க எறக்கச் சொல்லட்டா?" ஊரு பூரா சொல்லிட்டாவ. ரெண்டு நாளு ஊருல கொதிக்க வச்ச தண்ணியிலயும் அயிலை மணம். கெணத்த எறச்சு விட்டதும் இவருதான். ஒத்தைக் கையால, காலைல இருந்து உச்சி வரைக்கும். வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு.

அடுத்த கம்பு பத்தடி. அதப் பத்திப் பேசவே வேண்டாம். முற்றத்துல நின்னு ஒரு வீச்சு வீசினா அது மெற்றில்டா அக்காவுக்க கொடியில கெடந்த சட்டையில போயி மாட்டிச்சு. நாலு பேரு நிக்குத வள்ளத்துல அத வச்சிட்டு என்ன செய்ய? அவரு பரவாயில்ல, வள்ளத்துக்க நுனியில நான் நிக்கேன், பழகிரும்னாரு. அடுத்தவன் கண்ணுல குத்துனா? நான் கொண்டுபோயி குடுத்துட்டேன். அதுக்குள்ள ரெண்டு மாசம். இப்பிடி ஒரு மாசம் பாத்து, ஒரு மாசம் மாத்தி.

அதுக்காக வீட்டுல சும்மா இருக்காருன்னு நெனச்சிராதீங்க. அவரு வீட்டுல இருந்தா எனக்குத்தான் கஷ்டம். கொழம்பு கொதிக்கதுக்குள்ள கரண்டிய விட்டு உப்பு பாப்பாரு. பிள்ளைய இடது கையில மல்லாத்திப் போட்டு அவருதான் குளிப்பாட்டுவாரு, நான் தொட்டா அழுவா, அப்பன் தொட்டா சிரிப்பா. கல்யாணம் ஆகி ரெண்டு வருசம் அவர நான் பகல்ல சரியாப் பாத்தது கெடையாது. விடியக்குள்ள போயி, வந்து, தூங்கி, போயி. இப்ப மத்தியானம் ரெண்டு பேரும் எதிர் எதிர உக்காந்து சோறு திங்கோம். அவருக்கு இடது கன்னத்துல ஒரு மச்சம் இருக்கு, சின்னது. அது எனக்கு இப்பத்தான் தெரியும். என்ன சொல்ல வந்தேன்? ஆமா, கஷ்டம்தான். ஆம்பள வீட்டுல கெடந்தா நல்லாவா இருக்கும்?

இந்த மூணாவது கம்பு, இதத்தான் நீங்க பாக்க வந்தது. உள்ள போங்க, கதவுக்குப் பின்னால பாயில சுத்தி வச்சிருக்கேன். நீங்களே எடுத்துட்டு வாங்க, எனக்குக் கை நாறும். மெதுவா, தொட்டில்ல பிள்ள தூங்கிட்டிருக்கா. தொட்டிலுக்க கயித்துல இடிச்சிராதீங்க.

ஆங். பிரிங்க. கறுப்புக் கம்பு, புடி மட்டும் மரக்கலரு. ஏழடி. வள்ளத்துக்கு இதுதான் அளவு. அந்த நுனிய லேசாத் தட்டிப் பாருங்க. எப்படி ஆடுது? பாதிக்கு மேல வளையும், பாதிக்குக் கீழ வளையாது. புடியக் கக்கத்துல வையுங்க, முழங்கைக்குப் பின்னால எட்டுதா? எட்டணும். அப்பத்தான் கை நோவாது. ரீலுக்க கைப்புடிய கழத்தி அந்தப் பக்கமும் மாட்டலாம், இடது கைக்காரங்களுக்கு. உங்க வீட்டுக்காரரு வலது கையா? நல்லது. வெரலு எல்லாம்... சரி, சரி. மன்னிச்சிருங்க, கேக்கக் கூடாது.

நூல பிள்ளைக்க கையில குடுத்துப் பாத்தேன். எட்டு மாசப் பிள்ள, அவ என்ன இழுக்கப் போறா. ஆனா அவ வெரல மடக்கினதும் நுனி தலைய ஆட்டிச்சு. அயிலை தொட்டா அப்படித்தான் இருக்குமாம். அவரு சொன்னாரு. அவரு இதப் புடிச்சிட்டு முற்றத்துல அரைமணிக்கூறு நின்னாரு. தென்னமரத்துக்கு அந்தப் பக்கம் ஈயத்த விட்டு விட்டு எடுத்தாரு. மொகத்தப் பாக்கணுமே. பொறவு வந்து, "செல்மா, இந்தக் கம்பு சரியா இருக்குட்டி"ன்னாரு. கம்புன்னு சொல்லிட்டாரு. முத தடவ.

அன்னைக்குச் சாயந்தரம்தான் நான் ஒரு கீறலப் பாத்தேன். வளையம் வளையமா இருக்குல்லா, நூலு போக, அதுல நுனியில இருந்து மூணாவது. உள்பக்கமா, முடி மாதிரி ஒரு கீறல். தெரியலியா? வெளிச்சத்துல திருப்பிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். தெரியலியா? கடைக்காரருக்கும் தெரியல. நகத்த வச்சுப் பாத்தாரு, பஞ்ச வச்சு தேச்சுப் பாத்தாரு, பஞ்சு ஒட்டல. "கீறல் எங்கம்மா இருக்கு? இனி மாத்தித் தரமாட்டேன், இது ஒண்ணாம் நம்பர் சாதனம்"ன்னு மூஞ்சிக்கு நேர சொல்லிட்டாரு. ஆனா எனக்குத் தெரியுதே. கீறல்ல நூலு உரசி உரசி, ஒரு நாளு ஆறு மீனோட அறும். இல்லன்னா அறாது. அறாம இருந்தா இன்னும் மோசம்லா, ஆளையே இழுத்துட்டுப் போயிருமே? அதனால அவருகிட்ட, கடையில திருப்பிக் குடுத்தாச்சு, புதுசு வரணும், ஆளு அனுப்புவாங்கன்னு சொல்லி இத ஒளிச்சு வச்சிட்டேன்.

இல்லக்கா, உங்க வீட்டுக்காரருக்கு அது ஒண்ணும் செய்யாது. அவரு வாரத்துக்கு ஒருநாளு, வெளையாட்டுக்குப் போறவரு. இது தெனமும் போறவங்களுக்குத்தான். நல்ல கம்புக்கா. இதவிட நல்ல கம்பு குளச்சல்ல கெடையாது. நீங்க என்ன குடுத்தாலும் சரி, எனக்கு வெலையெல்லாம் பேசத் தெரியாது, எடுத்துட்டுப் போயிருங்க. மூணு மணிக்கு முன்ன போயிருங்க.

என்னக்கா? எனக்கா? பயமா? எனக்கு என்ன பயம். கடக்கரையில பொறந்தவ நான். எங்க அப்பா கடலு, அண்ணன்மாரு கடலு. அவரு போகட்டும், நான் வேண்டாம்னு ஒருநாளும் சொன்னதில்ல, யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. நானே கடை கடையா ஏறி எறங்கி கம்பு பாக்கேன், போக வேண்டாம்னு நெனக்கிறவளா பாப்பா? ஏத்த கம்பா ஒண்ணு அமையட்டும்னுதான் சொல்லுதேன். இந்தப் பருவம் போனா அடுத்த பருவம். அயிலை எங்க போவப் போகுது? கிளீட்டஸ் அண்ணன் காலைல கூப்பிட்டாரு, இவரு, கம்பு இன்னும் வரலண்ணேன்னு சொல்லிட்டாரு. நான் அடுக்களையில நின்னு கேட்டேன். கம்பு இல்லாம அவரு போவமாட்டாரு. அது எனக்குத் தெரியும். மத்த எது தெரியலன்னாலும் அவரப் பத்தி எனக்குத் தெரியும்.

இந்தா, இது கடைசி மீனு. கைய கழுவிட்டு வந்து பாயிலயே நல்லா சுத்திக் கட்டித் தாறேன், பஸ்ஸுல யாருக்கும் தெரியாது.

யாரு? மெற்றில்டா அக்காவா? நீங்க கம்ப கீழ வையுங்க, மதிலுக்கு மேல தலை தெரியுது. என்ன மெற்றில்டாக்கா? கேக்கல, இன்ஜின் சத்தம். எனக்க வீட்டுக்காரரா? அவரு வலைக் கூடத்துலல்லா இருக்காரு. எந்த வள்ளம்? உங்க வள்ளத்துலயா? இல்லக்கா, அவருகிட்ட ஒண்ணும் கெடையாதே, எத வச்சு... கைத்தூண்டிலா? எந்தக் கையில? கையில துணி சுத்தியிருக்காரா. வலது கையிலயா. வள்ளத்தத் தள்ளிட்டாங்களா? தள்ளலல்லா? பிடிச்சு வைக்கச் சொல்லுங்கக்கா, அண்ணன்கிட்ட சொல்லுங்க, இந்தா ஓடி வாறேன், நான் கொண்டு வாறேன்னு சொல்லுங்க!

அக்கா, அந்தக் கம்ப இங்க தாங்க. இல்ல, விக்கல. விக்கலக்கா, தாங்க, கை நாறினா நாறட்டும். நீங்க பிள்ளைய மட்டும் பாத்துக்கிடுங்க, முழிச்சா முதுகுல தட்டினா போதும், அழமாட்டா. வாறேன் மெற்றில்டாக்கா, வந்துட்டேன்! கம்புக்கு ஒண்ணும் இல்லக்கா, நல்ல கம்புதான் அது, நான்தான் இன்னும் கொஞ்ச நாளு அவர வீட்டுல...